டிம்மில் அணைந்த விளக்கு

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் இண்டிகேட்டர் கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் கையை நீட்டுவோம். இடது கைப்பிடியை ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு ஸ்விட்ச் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஒரு ஹாரன் பொத்தான், அதற்கு மேலே ஹெட்லைட்டை பிரைட்டுக்கும் டிம்முக்கும் மாற்றுகிற ஒரு சின்ன நாக்கு. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வண்டியில் ஹாரன் பொத்தான் என்னுடையது. அப்பா ஓட்டுவார். நான் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருப்பேன். தேரடி வந்ததும் "அடி" என்பார், அடிப்பேன். பூக்காரிகளும் மாடுகளும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். வெயில் நாளில் டேங்க் சுடும். பாவாடையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்வேன். இறங்கிய பிறகும் வெகுநேரம் விரலில் அந்தப் பொத்தானின் ரப்பர் வாசனை இருக்கும். சோறு சாப்பிடும்போதுகூட வரும்.

அப்பா தேரடிப் பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். பல்பு, ஒயர், ஃபியூஸ் கட்டை, சீரியல் செட். தெருவில் யார் வீட்டில் விளக்கு நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் ஏதாவது ஒரு இடத்தில் தட்டுவார், எரியும். அவருக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் கரண்ட் போனால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், நானே ஏதோ செய்யப்போகிற மாதிரி.

மாமா என்று நான் சொல்லப்போவது அம்மாவின் தம்பியை. அடி அண்ணாமலையில் அவர்களுக்கு நிலம் இருந்தது, கடலையும் சாமந்தியும் போடுவார்கள். மாமாவுக்கு மண்ணைவிட வண்டி பிடிக்கும். ஊரில் வந்து நிற்கிற லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சியே ஓட்டக் கற்றுக்கொண்டவர். பெரிய வண்டி லைசென்சும் எடுத்துவிட்டார். அப்பாவின் கடைக்கு வந்துபோகிற பஸ் முதலாளி ஒருவர், கார்த்திகை தீபம் முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் ஸ்டீல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் மாதிரி திருப்புவார். "போளூர், ஆரணி, வேலூர் ஏறு" என்று கத்துவார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அம்மா அப்படிச் சிரித்தது மாமா வந்த நாட்களில் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கடலை பிடுங்குகிற நேரத்தில் அம்மாவுக்குப் பிறந்த வீடு போய்வர வேண்டும் என்று ஆசை வந்தது. மாமா வந்து நின்றார்.

"வண்டியக் குடுங்க மாமா, அக்காவக் கூட்டிக்கினு போயிட்டு சாயந்தரமே வந்துடறேன்."

அக்காள் புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா வண்டியைப் பார்த்தார். "பஸ்ஸுல போங்களேன்" என்றார். அம்மா, "பஸ்ஸு எங்கங்க நேரத்துக்கு வருது?" என்றாள். அப்பா சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது, "பொழுதோட வந்துடு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பின்னாளில் நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எல்லா அப்பாக்களும் சொல்லுகிற வார்த்தை.

அவர்கள் பொழுதோடு வரவில்லை. வேர்க்கடலையை மூட்டை கட்டவும், சொந்தக்காரர்களிடம் பேசவும் நேரமாகிவிட்டது. மலை சுற்றுகிற பாதை இன்றைக்கு இருப்பது போல விளக்கும் டீக்கடையுமாக இருந்ததில்லை. இரண்டு பக்கமும் புளியமரம், நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குத் தார். ரோடு போடுவதற்காக ஓரத்தில் ஜல்லி குவித்திருந்தார்கள். எதிரே ஒரு லாரி வந்தது. மாமா மரியாதைக்கு லைட்டை டிம் செய்தார். முழு இருட்டு. லாரி தாண்டிப் போனதும் எதுவுமே தெரியவில்லை. நாக்கை மறுபடி தள்ளுவதற்குள் முன் சக்கரம் ஜல்லியில் ஏறி வண்டி சாய்ந்தது. மாமாவுக்குக் கை கால் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவின் முழங்கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவள் கூந்தலில் கடலைச் செடியின் சருகு ஒட்டியிருந்தது. யாரும் எடுத்துவிடவில்லை. நான் எடுத்தேன்.

மறுநாள் காலையில் வண்டியைக் கட்டை வண்டியில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கினார்கள். தெருவே கூடிவிட்டது. ஹாண்டில்பார் ஒரு பக்கம் வளைந்திருந்தது, ஆனால் ஹெட்லைட் கண்ணாடி உடையவில்லை. மாமா கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் அழுத முகம்.

"டிம்மு போட்டேன் மாமா, அப்படியே இருட்டாயிடுச்சு."

"இருட்டாயிடுச்சா? முந்தாநாள்தான் நான் ஓட்னேன். நல்லாத்தான் எரிஞ்சுது."

"சத்தியமா மாமா."

"வேகமா வந்திருப்ப. இல்லன்னா கல்லுமேல ஏன் ஏறுது?"

அப்பா வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். கட்டை விரல் ஸ்விட்சின் மேல் போனது. பிறகு காலால் உதைத்து ஸ்டார்ட் செய்தார். அடிபட்ட வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. காலை வெயிலிலும் எதிர்வீட்டுச் சுவரில் அதன் வட்டம் தெரிந்தது.

"பாருங்க. எரியுதா இல்லையா?" தெருவைப் பார்த்துத்தான் கேட்டார்.

எரியுது, எரியுது என்றார்கள். எதிர்வீட்டு அக்கா, "எலக்ட்ரிக் கடக்காரு வண்டியில லைட்டு நிக்குமா?" என்றாள். சிரித்தார்கள்.

"டிம்முல போட்டுப் பாருங்க மாமா" என்றார் மாமா.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பண்றதப் பண்ணிட்டுப் பேச்சு வேறயா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். மாமா நடந்தே ஊருக்குப் போனார். நான் கதவோரத்தில் இருந்தேன். போகிறபோது என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"நான் பின்னாடிதானேங்க குந்திக்கினு இருந்தேன்? மரமெல்லாம் வெளிச்சமாத் தெரிஞ்சுது. லாரி வந்துச்சு, படக்குனு ஒண்ணுமே இல்ல."

"உனக்கு லைட்டப் பத்தி என்னா தெரியும்? தம்பின்னா உனக்குக் கண்ணு மறைக்குது."

ஒரு கட்டத்தில் அப்பாவிடம் சொல்வதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். மத்தியானம், நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"நீயாவது நம்புறியாடி?"

"அப்பா போட்டப்ப எரிஞ்சுதேம்மா."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பஸ் முதலாளி கடைக்கு வந்தபோதும் நான் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் போய் உட்காருவது என் வழக்கம், பல்பு டெஸ்ட் செய்கிற பலகையில் விளையாடலாம். அவர் ஒரு கட்டு ஒயர் வாங்கிக்கொண்டு, "உங்க மச்சான எப்ப வரச் சொல்லலாம்?" என்று கேட்டார். அப்பா ஒயரை மடித்துக் கட்டிக்கொண்டே, "எதுக்கும் ஒரு தபா யோசிச்சுக்குங்க. ஜனங்க உசுரு சமாசாரம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. நல்ல மனிதர் ஒருவர் கடமையாகச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. மாமாவைப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் எந்த வண்டியிலும் கை வைக்கவுமில்லை. தீபத்தன்று மொட்டை மாடியில் எல்லாரும் மலை உச்சியைப் பார்த்து நின்றோம். அம்மா மட்டும் கீழேயே இருந்துவிட்டாள். படி ஏற முடியவில்லை என்றாள்.

அவளுக்கு அந்தக் கால் சரியாகவே இல்லை. சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். பூ வாங்குகிற சாக்கில் சந்தைப் பக்கம் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள் என்று பின்னால் தெரிந்தது. என் கல்யாணத்துக்கு மாமாவை அழைக்கவில்லை. மண்டபத்து மாலைகள் எல்லாம் அவர் தோட்டத்துச் சாமந்தி என்பதை அம்மா எனக்கு மறுநாள்தான் சொன்னாள். அதற்குள் மாலைகள் வாடிவிட்டிருந்தன.

வண்டியை அப்பா பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தினார். எத்தனையோ பேர் கேட்டும் விற்கவில்லை. ஓட்டவும் இல்லை. ஆயுத பூஜைக்குக் கடையில் உள்ள டெஸ்டருக்குக்கூடப் பொட்டு வைப்பார். கொட்டகைப் பக்கம் போக மாட்டார். கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அம்மா போனாள். சில வருஷம் கழித்து அப்பாவும் போனார். நான் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால், சென்னையில் இருக்கும் என் தம்பி போன் செய்தான். பழைய வண்டிகளைச் சேர்க்கிற ஒருவர் எங்கள் வண்டியைக் கேட்கிறாராம். ஆனால் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிதான் ரொம்ப மோசமாக இருக்கிறது, புதிதாக டூப்ளிகேட் மாட்டினால் விலை போகாது என்கிறாராம்.

"நானே பண்ணித் தரேன்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஹாரன் பொத்தானை வேறு யாரும் தொட வேண்டாம் என்று நினைத்திருப்பேன்.

ஸ்விட்ச் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தேன். கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் இருந்த வெள்ளை உலோகம் புழுதி பிடித்திருந்தது. ஒரு பக்கம் ஜல்லி உரசிய கோடுகள். திருகாணிகள் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே கஷ்டமாயிற்றே, வேறு எண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். கடையில் அப்பாவுக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்த பழக்கம் கைக்கு மறக்கவில்லை. அவசரப்படாமல், பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டு, அழுத்தித் திருப்பினேன். கடைசியில் பெட்டி இரண்டாகப் பிரிந்தது. சின்ன ஸ்பிரிங் ஒன்று தெறித்து மேஜைக்கடியில் ஓடியது. தேடி எடுத்து வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்தேன்.

அந்த நாக்கை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு பித்தளைத் தகட்டில் தொடும், அது பிரைட். மறுபக்கம் தள்ளினால் இன்னொன்றில் தொடும், அது டிம். பிரைட் பக்கத்துத் தகடு நன்றாகவே இருந்தது. டிம் பக்கத்தில் பித்தளையே இல்லை. அது எப்போதோ உடைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு தகரத் துண்டை வெட்டிச் சொருகி ஈயத்தால் பற்றவைத்திருந்தது. தகரமும் நடுவில் முறிந்திருந்தது. பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ரோஸ் நிறத்தில் அச்சு. நாங்கள் பல் விளக்கிய பல்பொடி டப்பா. ஈயத்தை அப்படிப் பொட்டு மாதிரி உருண்டையாக வைப்பது அப்பாவின் கை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பொழுது சாய்ந்த நேரத்தில் நானும் அவரும் வண்டியில் வரும்போது, எதிரே ஏதாவது வந்தால் அவர் டிம் செய்வார். லைட் நின்றுவிடும். உள்ளங்கையால் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார், மறுபடி எரியும். நான் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். சில நாள் நானே தட்டியிருக்கிறேன். மாமாவுக்கு அந்தத் தட்டு தெரியாது. யாரும் சொல்லவில்லை. பொழுதோடு வந்துடு என்றார் அப்பா, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கட்டை விரல். விழுந்த வண்டியில் நாக்கு டிம்மில்தானே இருந்திருக்கும்? உதைப்பதற்கு முன்னால் அவர் அதை பிரைட்டுக்குத் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதுகிறபோதும் அவர் பக்கம் பேச நாக்கு துடிக்கிறது. பல்பொடி டப்பாவில் செய்த ரிப்பேர் நிற்கும் என்று நம்பியிருப்பார். தெருவே நின்று பார்க்கும்போது, எலக்ட்ரிக் கடைக்காரர் எப்படி ஒப்புக்கொள்வார்? ஒரு நாள் போகட்டும் என்று நினைத்திருப்பார். ஒரு நாள் போன பிறகு இன்னும் கஷ்டமாகியிருக்கும். எல்லாம் புரிகிறது. ஆனால் அம்மா அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவருக்குத் தினமும் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை அவர் வாங்கிக் குடித்தார். இதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் கேட்ட ஒரே கேள்விக்கு நான் சொன்ன பதிலும்.

தம்பிக்கு போன் செய்து சொன்னேன். அவன் அதற்குப் பிறகு பிறந்தவன், அவனுக்கு எதுவும் தெரியாது. கேட்டுவிட்டு, "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? எல்லாரும் போயிட்டாங்க" என்றான்.

மாமா போகவில்லை.

அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் போனேன். நடக்கிறவர்கள், இளநீர் வண்டிகள், வழி நெடுக விளக்குக் கம்பங்கள். ஜல்லி குவித்திருந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா தோட்டத்தில் சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். "வா பாப்பா" என்று மோட்டாரை நிறுத்தினார். கைக்குட்டையில் கட்டி வைத்திருந்த தகரத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"லைட்டு தானாத்தான் நின்னுருக்குது மாமா. ஸ்விட்ச் போயிருந்துச்சு."

"அது எனக்குத் தெரியுமே பாப்பா. நான்தானே ஓட்னேன்?"

நான் தலை குனிந்தேன். அவருக்குத் தெரியாததைச் சொல்லப் போகிற மாதிரி அல்லவா ஆட்டோவில் பதறிக்கொண்டு வந்தேன்!

அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். ரோஸ் அச்சைக் கட்டை விரலால் தேய்த்தார். "பல்பொடி டப்பா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்கப்பா ஒரு தபா இங்க வந்தாரு. உங்கம்மா காரியமெல்லாம் முடிஞ்ச பிற்பாடு. சைக்கிள்ல வந்து அந்தா வரப்புல நின்னாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். குடிச்சாரு, போயிட்டாரு. ஊர்ல தண்ணியா இல்ல?"

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"அவரா சொல்லட்டும்னு இருந்தேன். அவரு நான் கேப்பேன்னு இருந்தாரோ என்னாவோ."

"என்ன மன்னிச்சுடுங்க மாமா. நானும் உங்கள நம்பல."

"நீ கொழந்தை" என்றார். பிறகு குரல் மாறியது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "இத எடுத்துக்கினு எங்கிட்ட ஏன் வர்ற? எங்கக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்க தெருவுல சொல்லு. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி அக்கா கால உடச்சவன்னு எங்க சொன்னாங்களோ அங்க போய் சொல்லு. நான் அந்தப் பக்கம் பூக்கூடைய எடுத்துக்கினு போனதில்ல, இத்தன வருஷத்துல. சுத்திக்கினுதான் போறேன்."

மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது ஒரு கூறு சாமந்தியைப் பையில் போட்டுக் கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார்.

ஸ்விட்ச் பெட்டியை முடித்தேன். பித்தளைத் தகடு வெட்டி வைத்து, எமரித்தாளால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் மூன்று பூச்சு. தேய்ந்துபோன வெள்ளை எழுத்துகளை ஊசி முனையால் நிரப்பினேன். இப்போது பிரைட்டும் எரிகிறது, டிம்மும் எரிகிறது. வாங்கியவர் பார்த்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது என்றாராம். வண்டி போய்விட்டது.

வண்டியை ஏற்றி அனுப்பிய அன்றைக்கே எங்கள் பழைய தெருவுக்குப் போனேன். அன்று வாசலில் கூடியவர்களில் பெரும்பாலோர் இல்லை. வீடுகள் லாட்ஜுகளாகிவிட்டன. எதிர்வீட்டு அக்கா மட்டும் இருக்கிறாள், வாசலில் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டு. பக்கத்தில் அவள் மருமகள், ஒரு பூக்காரி, பால் வாங்க வந்த ஒருவர்.

"அக்கா, எங்கம்மா கால் உடைஞ்சுதே, ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்ல? உங்க மாமன் குடிச்சிட்டு வண்டி ஓட்டிக் கீழ போட்டானே."

குடி என்று அப்பாகூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அது தானாகவே வளர்ந்திருக்கிறது.

"குடிக்கலக்கா. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. வண்டியில ஸ்விட்ச் போயிருந்துச்சு. லைட்டு தானா நின்னுடுச்சு. எங்கப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் மாமா மேல போட்டுட்டாரு."

அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்படியா?" என்றாள். "போவட்டும், உக்காரு, காபி குடிக்கிறியா?"

நான் உட்காரவில்லை. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன், பால் வாங்க வந்தவரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.